தென்தடம் – 17: விடியலில் டிகாஷன், அந்தியில் கரி அடுப்பு

தாம்பரத்தில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தாலே ஊரின் வரலாற்றில் பாதி கைக்கு வந்துவிடும். ரயில் நிலையத்தை ஒட்டிய காபிக் கடைகள் முதல் மின்ரயிலுக்கு முன்பே பாய்லரைப் பற்றவைத்துவிடுகின்றன. நாலு கடை தள்ளி இருக்கும் கிரில் சிக்கன்காரர் மத்தியானம்வரை ஷட்டரைத் தூக்குவதில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுற்றத் தொடங்குகிறது. முன்னது, நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை நம்பிப் பிறந்த கடை. பின்னது, நகரத்துக்குப் போகாமல் மாலைப் பொழுதை இங்கேயே கழிக்க விரும்புகிறவர்களை நம்பி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறைக்கு மேல் இடைவெளி. உறங்குவதற்கு மட்டுமே வீடு திரும்பிய ஒரு புறநகர், உட்கார்ந்து சாப்பிடவும் பழகிய கதை அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

சென்ற பகுதியில் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் ஆலையைப் பார்த்தோம். அந்த ஆலைத் தொழிலாளிக்கும் காபிக்கும் நெடுங்காலம் பெரிய உறவு இல்லை. காபியை இந்தத் தடத்துக்குக் கொண்டுவந்தவர் குமாஸ்தா. அவரைக் கொண்டுவந்தது மின்சாரம்.

1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் மின்ரயிலை ஓடவிட்டது. தூரம் 29 கிலோமீட்டர். நீராவி வண்டி இதற்கு முன்பும் இந்த வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் நேரம் பார்த்து வேலைக்குப் போகிறவனுக்கு அது உதவாது. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்று ஆனபிறகுதான் உயர் நீதிமன்றத்திலும், துறைமுகத்திலும், பாரி, பின்னி கம்பெனிகளிலும் பேனா பிடித்தவர்களுக்குத் தெற்கே மனை வாங்கும் துணிச்சல் வந்தது. மாம்பலம் நிரம்பியது, பிறகு பழவந்தாங்கல், நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று சீசன் டிக்கெட்டின் வழியே குடியிருப்பு தெற்கே நகர்ந்தது.

இந்தக் குடும்பங்களில் காபி வீட்டுக்குள் காய்ச்சும் பொருள். பித்தளை ஃபில்டரில் முதல்நாள் இரவே தூளை அழுத்திவைப்பார்கள். விடியலில் முதல் டிகாஷன் வீட்டுத் தலைவருக்கு, இரண்டாவது டிகாஷன் மற்றவர்களுக்கு. ஏழேகால் வண்டிக்கு ஓடுகிற மனிதர் வீட்டில் ஒருமுறை குடித்துவிட்டு, நிலையத்தில் இன்னொருமுறை குடித்தார். நிலையத்தருகே காபிக் கடை பிழைத்தது இந்த இரண்டாவது டம்ளரால்தான். கூடவே காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையும் வந்தது. மாலை வண்டியில் இறங்குகிறவர் கால் கிலோ தூளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரருக்கு மனப்பாடம். ரயில் தடத்து ஊர்கள் பலவற்றில் நிலையத்துக்கு வெளியே வறுத்த காபிக்கொட்டையின் வாசனை இன்றைக்கும் எதிர்கொள்வதற்கு இதுதான் காரணம்.

அந்தக் காபி எல்லாருக்குமானதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: காபி தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களின் அடையாளமாக மாறியது, தேநீர் உழைப்பாளியின் பக்கம் ஒதுங்கியது. ஓட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலேகூடப் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம். சுயமரியாதை இயக்கம் இதை எதிர்த்துப் பல காலம் குரல் கொடுத்தபின், 1941இல் ரயில்வே அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. தனியார் ஓட்டல்கள் அதற்குப் பிறகும் பலகையைக் கழற்றவில்லை. 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மறியல் நடந்தது திருவல்லிக்கேணியில் என்றாலும், அதன் பலன் மின்ரயில் போன ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. தாம்பரத்தில் இன்று காபி டோக்கன் வாங்க வரிசையில் நிற்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றால், அது தானாக நேர்ந்த நாகரிகமல்ல.

தேநீர் தாழ்ந்து போனதாக நினைத்துவிட வேண்டாம். 1930களில் பொருளாதார மந்தத்தில் ஏற்றுமதி சரிந்தபோது தேயிலைக்காரர்கள் உள்நாட்டுச் சந்தையைப் பிடிக்க இறங்கினார்கள். சந்தை, திருவிழா, ரயில் நிலையம் என்று ஆள் கூடும் இடங்களில் தேநீர் போட்டுக் காட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். காபிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1935இல் காபிக்கு வரி விதித்து ஒரு விளம்பரக் குழு ஏற்பட்டது. அதன் முயற்சியில் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ் 1936இல் திறந்தது. தாம்பரம் இந்த இரண்டு படையெடுப்புகளையும் ஒரே காலத்தில் வாங்கிக்கொண்டது. தண்டவாளம் அவற்றைப் பங்கு பிரித்தது என்று சொல்லலாம்.

மேற்கே கடைவீதி, சண்முகம் சாலை, காய்கறி மார்க்கெட், குமாஸ்தாக் குடும்பங்கள்: அங்கே காபி. கிழக்கே வேறு ஜனங்கள். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 370 ஏக்கர். மாணவர்கள் தங்கிப் படிக்கும் விடுதிகள். வெளியூர், வெளிமாநிலப் பிள்ளைகள், குறிப்பாகக் கேரளத்துப் பிள்ளைகள், வந்து சேர்ந்தார்கள். அதையடுத்து விமானப்படைத் தளம். 1954இலிருந்து பறக்கும் பயிற்சியாளர்களுக்கான பள்ளி அங்கே இயங்குகிறது. இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வரும் இடம் அது. வடக்கே கொஞ்சம் தள்ளி, டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவி, 1937இல் அரசின் கைக்கு வந்த காசநோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர். மாணவன், சிப்பாய், நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஆகிய மூவருக்கும் வீட்டு அடுப்பு பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் மலையாளிகளின் தேநீர்க்கடை நிற்கும். சாயா, பருப்பு வடை, பொறை, வாழைக்காய் பஜ்ஜி. காலையில் மட்டுமல்ல, நாள் முழுவதும்.

காபிக் கடையின் தொழில் நுணுக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறேன். அதைச் சொல்லாமல் காபி வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம்.

நல்ல கடையில் டிகாஷன் ஒருமுறை போட்டு நாளெல்லாம் ஓட்டுவதில்லை. கொதிநீர் ஊற்றி இறக்கிய டிகாஷன் சிறிது நேரத்துக்குமேல் சூடாகவே இருந்தால் கசப்பு ஏறும். ஆறவிட்டுத் திரும்பச் சுடவைத்தால் மணம் ஓடிவிடும். எனவே மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் எப்போது வரும் என்பது அவருக்கு ரயில் அட்டவணையால் தெரியும். சிக்கரி ஏமாற்று வேலை என்று வைகிறவர்கள் உண்டு. அது டிகாஷனுக்கு நிறமும் கனமும் தருவதால்தான் நிறையப் பால் ஊற்றியும் நம் காபி வெளுக்காமல் நிற்கிறது. அளவு மீறினால்தான் குற்றம். காபித்தூள் 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இன்றைய சட்டம். என் கணக்கில் இருபதுக்கு மேல் சிக்கரி போனால் அது வேறு பானம்.

பிறகு பால். பால்மானி வைத்துச் சோதித்த, தண்ணீர் கலக்காத பாலில் போட்டால்தான் டிகிரி காபி என்று தஞ்சாவூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மாடு வைத்திருந்தவர் வாசலில் கறந்து கொடுத்த காலத்தில் புறநகர்க் கடைக்காரருக்கு அது சாத்தியமாக இருந்தது. ஊர் பெருத்தபோது தொழுவம் மறைந்தது. 1963இல் மாதவரத்தில் தொடங்கிய பால்பண்ணையும், பின்னால் ஆவினும், இந்தத் தெற்குப் பகுதிக்குச் சோழிங்கநல்லூர்ப் பண்ணையும் அந்த இடத்தை நிரப்பின. காபியின் ருசி குறைந்தது என்று பெரியவர்கள் குறைப்பட்டார்கள். குறைந்திருக்கலாம். ஆனால் விடியற்காலையில் எல்லாக் கடைக்கும் ஒரே தரத்தில் பால் கிடைத்தது. தஞ்சாவூர்க்காரராகவோ மாடு வைத்திருப்பவராகவோ இல்லாதவரும் காபிக் கடை போட முடிந்தது.

★

நெருப்புக்கு வருவோம். கம்பியில் கறி கோத்துச் சுடுவது ஏதோ அரபு நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று நினைப்பவர்கள் பொருநராற்றுப்படையைப் புரட்ட வேண்டும். கரிகாலனின் விருந்தில் கம்பியில் சுட்ட கொழுத்த கறித்துண்டு வருகிறது. சூடு தாங்காமல் வாயில் இப்படியும் அப்படியும் புரட்டிச் சாப்பிடுகிறார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே கடற்கரையோரமாகப் போனால் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் வரும். அங்கே பாணனுக்குச் சுட்ட மீன். பார்பிக்யூ என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடத்தில் கரி அடுப்பில் பழைய கை பரங்கிமலை, பல்லாவரம் படைக்குடியிருப்புகளுடையது. பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குப் பல்லாவரத்தில் வெட்டரன் லைன்ஸ். படையை ஒட்டிக் கசாப்புக்கடை, கசாப்புக்கடையை ஒட்டித் தோல், தோலை ஒட்டிப் பதனிடும் தொழில் என்று சங்கிலி நீண்டதைச் சென்ற பகுதியில் சொன்னேன். அந்தச் சங்கிலியின் இன்னொரு கண்ணிதான் சாயங்காலக் கபாப் அடுப்பு. ஆலந்தூரிலும் பல்லாவரத்திலும் முஸ்லிம் குடியிருப்புகளின் தெருமுனையில், மாட்டுக்கறித் துண்டுகளை மசாலாவில் ஊறவைத்து, மெல்லிய இரும்புக் கம்பியில் கோத்து, கரி நெருப்பில் விசிறியபடி சுட்டுக் கொடுப்பார்கள். விலை குறைவு, கை அகலத் தாளில் வெங்காயமும் எலுமிச்சையும். ஆலந்தூர் சுக்குபாய் கடையும், பல்லாவரம் யா மொய்தீன் கடையும் இன்று சென்னை முழுக்கத் தெரிந்த பெயர்கள். பிரியாணியால் பெயர் பெற்றாலும் அவை வளர்ந்தது இந்த மண்ணில்தான்.

ஆனால் தெருவுக்கொரு கிரில் என்ற இன்றைய காட்சி கசாப்புக்கடையிலிருந்து வரவில்லை. அதற்குக் கோழி மலிவாக வேண்டியிருந்தது.

1980கள் வரை கோழி விருந்தாளி வந்தால் அடிப்பது. நாட்டுக்கோழி மெதுவாக வளரும், கறி கொஞ்சம், விலை அதிகம், கடினம் வேறு. கம்பியில் சுட்டால் பல்லுக்கு வேலை. 1990களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு பரவியது. சுகுணா போன்ற கம்பெனிகள் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுத்து வளர்ப்புக்கூலி வாங்கிக்கொள்வார். சுமார் ஆறு வாரத்தில் கோழி தயார். மழை பொய்த்த கொங்கு விவசாயிக்கு அது நிலையான வருமானம். இங்கே தாம்பரத்தில் ஒரு கடைக்காரருக்கு, தினமும் ஒரே எடையில், இளங்கறியாக, உரித்த கோழி. கிரில் பெட்டிக்கு ஒரே எடை முக்கியம். ஒரு கம்பியில் நாலைந்து கோழிகள் வரிசையாகச் சுற்றும்போது ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருந்தால் ஒன்று வேகாது, இன்னொன்று வறண்டுபோகும். பல்லடத்தில் அன்றன்று அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துத்தான் இன்றைக்கும் நம் கடை அட்டையில் ‘ஃபுல், ஹாஃப், குவார்ட்டர்’ விலை ஏறுகிறது, இறங்குகிறது.

செய்முறை வந்த வழி இரண்டு. ஒன்று வடக்கே இருந்து. நாட்டுப் பிரிவினையில் பெஷாவரை விட்டு வந்தவர்கள் டெல்லி தரியாகஞ்சில் 1947இல் திறந்த மோத்தி மஹால் தந்தூரிக் கோழியை ஓட்டல் உணவாக்கியது. அங்கிருந்து அது நாடு முழுக்க இறங்கியது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்காரர்களுக்கான பஞ்சாபி தாபாக்கள் வழியாகவும் அந்தச் சிவப்புக் கோழி இந்தப் பக்கம் அறிமுகமானது. இன்னொன்று மேற்கே இருந்து, வானத்தின் வழியாக. மீனம்பாக்கம் விமான நிலையம் பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் கிடக்கிறது. எதிரே திரிசூலம் ரயில் நிலையம். வளைகுடா நாடுகளில் ஓட்டல் சமையற்கட்டுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், கைக்கு வந்த தொழிலை ஊரில் வைத்துப் பார்த்தார்கள். ஷவர்மா, குபூஸ், மயோனைஸ், அல்பஹாம், பிறகு மந்தி. பாதி மலபார் வழியாகவும், கொஞ்சம் ஹைதராபாத் வழியாகவும் வந்தது. அல்பஹாமுக்குக் கோழியை முதுகுப்பக்கம் பிளந்து விரித்து, இரண்டு கம்பிவலைக்கு நடுவே வைத்து, கரியின் மேல் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக் கிரில் அவ்வளவு ஆள்வேலை கேட்காது. சுற்றுகிற கோழியின் கொழுப்பே அதன்மேல் வழிந்து அதை வறளாமல் காக்கிறது. நான் அல்பஹாம் கட்சி. புகை படாத கிரில், வேகவைத்த கோழிக்கு மேக்கப் போட்டதுபோல்தான்.

இந்தக் கடைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் தாம்பரத்தின் கதையில் திருப்பம். 1984இல் சானடோரியம் பக்கம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த ஆலை மூடிக் கிடந்த நிலத்தில் மென்பொருள் வளாகம் எழுந்தது. கிழக்கே 2000இல் டைடல் பார்க் திறந்ததும் பழைய மகாபலிபுரம் சாலை முழுவதும் கட்டடம். வேலை தெற்கே வந்துவிட்டது. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் கேம்ப் ரோட்டிலும் வாடகைக்கு இருந்த இளைஞர்கள், சமையலறை இல்லாத மேன்ஷன்களில் தங்கியவர்கள், இரவுப் பணி முடித்தவர்கள் யாரும் மாலை ஐந்தரை வண்டியைப் பிடித்து வீட்டுச் சாம்பாருக்குத் திரும்புகிறவர்கள் அல்ல. கையில் காசு, பசி ராத்திரி ஒன்பது மணிக்கு. 2004இல் மீட்டர் கேஜ் மின்ரயில் கடைசியாக ஓடி நின்றபோது, அதை நம்பியிருந்த பழைய நேர ஒழுங்கும் தளர்ந்துகொண்டிருந்தது.

அதே இளைஞர்களுக்காகக் காபியும் வேடம் மாற்றியது. காபி வாரியத்திடம்தான் விற்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு 1996இல் முற்றாக நீங்கியது. அதே ஆண்டு பெங்களூரு பிரிகேடு சாலையில் சிக்கமகளூர்த் தோட்டக்காரரான சித்தார்த்தா முதல் கஃபே காபி டேயைத் திறந்தார். ஸ்டார்பக்ஸ் 2014இல் சென்னைக்கு வந்தபோது, ஓராண்டுக்கு முன் திறந்திருந்த வேளச்சேரி பீனிக்ஸ் மாலில் கடை போட்டது. மவுண்ட் ரோடுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதாக இருந்த பகட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. மேசைக்குள் கரி அடுப்பைப் பதித்துக் கம்பிகளை நட்டுவைக்கும் பஃபே முறையைப் பார்பிக்யூ நேஷன் 2006இல் மும்பையில் தொடங்கியது. அந்த மாதிரியும் விரைவிலேயே இங்கே வந்து, பிறந்தநாள், பிரிவு விருந்து என்று அலுவலகக் கும்பல்களை உட்காரவைத்தது. காசைக் கொடுத்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்ற ஏற்பாட்டில் கடைசியில் ஜெயிப்பது கடைக்காரர்தான் என்பது என் எண்ணம்: முதல் அரைமணியில் அன்னாசிப் பழமும் உருளைக்கிழங்கும் கம்பியில் ஏன் அத்தனை தாராளமாக வருகின்றன?

பழைய காபிக் கடை இதனால் அழிந்துவிடவில்லை. விசித்திரமாக, அது நெடுஞ்சாலைக்குப் போய்ப் புதுப்பிறவி எடுத்தது. 2010க்குப் பிறகு தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று ஜி.எஸ்.டி. சாலையோரம் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் வரிசையாக முளைத்தன. பித்தளை டபரா செட், ஓலைக் கூரை, கார் நிறுத்த இடம். கும்பகோணத்தில் இத்தனை கடை இருக்குமா என்பது சந்தேகம். ஒருகாலத்தில் சாதிப் பலகைக்குப் பின்னால் இருந்த டம்ளரை, காரை நிறுத்தும் யார் வேண்டுமானாலும் ஏக்கத்தோடு வாங்கிக் குடிக்கும் பண்டமாக்கியது இந்தக் கடைகள்தான். காபி பெரும்பாலும் இனிப்பு கூடுதல். டபரா மட்டும் அருமை.

பெருங்களத்தூரைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. தெற்கே போகும் பேருந்துகளைப் பிடிக்க வெள்ளிக்கிழமை இரவு மூட்டையோடு நின்றவர்களின் ஊர் அது. தீபாவளி, பொங்கல் என்றால் சாலையே தெரியாது. அந்தக் காத்திருப்பை நம்பி பரோட்டா, கிரில், தேநீர், காபி எல்லாம் நள்ளிரவைத் தாண்டி நடந்தன. காலைக் கடையும் மாலைக் கடையும் ஒரே நேரத்தில் விழித்திருந்த ஓரிடம் அது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. கூட்டத்தில் ஒரு பகுதி வண்டலூரைத் தாண்டி நகர்ந்தது. கடைகளும் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனதால் உரிமம், குப்பை, நடைபாதை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே அலுவலகம்.

கிரில் கடைக்காரர்களைக் கேட்டால் மாநகராட்சியைவிட மயோனைஸைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்யும் அந்த வெள்ளைக் குழம்பில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். நம் ஊர் வெக்கையில், கடை மேசையில் திறந்து வைத்தால் இன்னும் வேகமாக. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை விதித்தது. கடைகள் முட்டையில்லாத வகைக்கு மாறின. சிலர் அதை ஒதுக்கிவிட்டுப் புதினாச் சட்டினியும் பூண்டுச் சட்டினியும் வைத்தார்கள். பூண்டுச் சட்டினியோடு குபூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த பகுதியில்: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை.